பள்ளிக்கான கலைத்திட்டம்: எந்த மாதிரியைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணிதம், அறிவியல் இரண்டுக்கும் கலைத்திட்டத்தை, அதாவது எதை, எப்படிக் கற்பித்து எப்படி மதிப்பிடுவது என்ற முழுத் திட்டத்தை, புதிதாக எழுதும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தினமும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள். கலைத்திட்ட வல்லுநர் என்று யாரும் இல்லை.

எங்களிடம் கொடுத்தது ஒரு அட்டவணை. குறிக்கோள், பாடப்பொருள், செயல்பாடு, மதிப்பீடு என்று நான்கு பத்தி. முதல் பத்தியையே தாண்ட முடியவில்லை. "மாணவர் பின்னங்களைப் புரிந்துகொள்வர்" என்று ஒருவர் எழுதினால், புரிந்துகொண்டதை எப்படி அளப்பீர்கள் என்று அடுத்தவர் கேட்கிறார். "பின்னங்களைக் கூட்டுவர்" என்று திருத்தினால், இவ்வளவுதானா நம் எதிர்பார்ப்பு என்கிறார் மூன்றாமவர். மாலை முழுக்க வினைச்சொல்லைத் தேடிக்கொண்டே போய்விடுகிறது.

கலைத்திட்டம் எழுத ஆளுக்கொரு மாதிரி சொன்ன டைலர், டாபா, வீலர், ஸ்டென்ஹவுஸ் எல்லோரையும் பி.எட்.டில் பரீட்சைக்குப் படித்தோம். வேலை என்று உட்கார்ந்தால் எதை எடுப்பது? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

அளவுகோல் எழுதியது:

நான் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறவன். என் வாக்கு டைலருக்கே. ஆனால் உங்களிடம் வந்திருக்கும் அட்டவணை டைலர் சொன்னதில் பாதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரால்ஃப் டைலர் 1949-இல் முன்வைத்தவை நான்கு கேள்விகள். பள்ளி எந்த நோக்கங்களை அடைய முயல வேண்டும்? அவற்றுக்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் உதவும்? அந்த அனுபவங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் நான்கு பத்திகளும் இங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் முதல் கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் எழுதச் சொல்லவில்லை அவர். மூன்று இடங்களில் போய்த் தேடச் சொன்னார்: கற்பவரிடம், பள்ளிக்கு வெளியே இருக்கும் இன்றைய வாழ்க்கையில், பாட வல்லுநர்களிடம். அப்படிச் சேர்வது மிக நீளமான பட்டியலாக இருக்கும். அதைப் பள்ளியின் தத்துவம், கற்றலின் உளவியல் என்ற இரண்டு சல்லடைகளில் சலித்த பிறகு மிஞ்சுவதே குறிக்கோள். அதுவும் முக்கியமான, ஒன்றோடொன்று முரண்படாத சில மட்டும் போதும் என்பதே அவர் நிலை.

இந்தக் கேள்விகள் பிறந்த இடமும் கவனிக்கத்தக்கது. 1930-களில் அமெரிக்காவில் நடந்த 'எட்டாண்டு ஆய்'வில் சுமார் 30 உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரி நுழைவு நிபந்தனைகளிலிருந்து விடுபட்டு, தங்கள் பாடங்களைத் தாங்களே மாற்றிப் பார்த்தன. அதன் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டைலர். மாற்றங்களைச் செய்துவிட்டார்கள், எதை அடைய மாற்றினோம் என்று சொல்லத் திணறினார்கள். சொல்ல முடியாததை எப்படி மதிப்பிடுவது? ஆசிரியர்களோடு உட்கார்ந்து அதைத் தெளிவாக்கும் தேவையிலிருந்து வந்த கேள்விகள் இவை.

உங்கள் குழு சலிக்க எதையும் கொண்டுவராமல் சல்லடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

---

நாலாம்பெஞ்ச் எழுதியது:

கரும்பலகை சார், அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் போன வருடத்து நோட்டுகளை ஒரு கட்டு எடுத்து வரட்டும்.

நான் நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியை. பின்னம் என்று நீங்கள் சொன்னதால் அதையே எடுக்கிறேன். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். விடைத்தாளில் எல்லாம் ஒரே தவறு, ஒரே சிவப்புக் கோடு. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் மூன்று விதமாகப் பிரிகிறது. ஒரு பிள்ளைக்கு 1/2 என்பது ஒரு எண்ணே இல்லை, மேலே ஒன்று, கீழே இரண்டு. அதனால் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டுகிறாள். இன்னொருவன் படம் போடுகிறான். அரைக்குச் சின்ன வட்டம், மூன்றில் ஒன்றுக்குப் பெரிய வட்டம். முழுமை இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதே அவனுக்குப் புலப்படவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு வழிமுறை மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் 2/5 அரையைவிடச் சின்னது, அரையோடு எதையோ சேர்த்த பிறகு குறைந்துவிட்டதே என்ற உறுத்தல் அவளுக்கும் வரவில்லை.

இந்த மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுக் குறிக்கோள் எழுதிப் பாருங்கள். "புரிந்துகொள்வரா, கூட்டுவரா" என்ற சண்டைக்கே இடமிருக்காது. "கூட்டுவதற்கு முன்பே விடை ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லிக் காரணம் காட்டுவர்" என்று தானாகவே எழுத வரும்.

ஹில்டா டாபா 1962-இல் சொன்ன வழி இதுதான். அவருடைய ஏழு படிகளில் முதலாவது தேவையைக் கண்டறிவது. குறிக்கோளுக்கு இரண்டாவது இடம். அதன் பிறகு பாடப்பொருளைத் தேர்ந்து ஒழுங்குபடுத்துவது, கற்றல் அனுபவங்களைத் தேர்ந்து ஒழுங்குபடுத்துவது, கடைசியில் மதிப்பீடு. படிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யார் எங்கே தொடங்குகிறார்கள் என்பது. மேலிருந்து முழுத் திட்டம் வந்து ஆசிரியரிடம் இறங்குவதை அவர் ஏற்கவில்லை. ஆசிரியர்கள் முதலில் ஒரு மாதிரி அலகை உருவாக்கி, வகுப்பில் நடத்திப் பார்த்து, திருத்தி, அப்படிச் சேர்ந்த அலகுகளிலிருந்து முழுச் சட்டகம் எழும்ப வேண்டும் என்றார்.

---

அளவுகோல் எழுதியது:

நோட்டு எடுத்து வரச் சொன்னதற்கு நன்றி டீச்சர். டைலர் சொன்ன "கற்பவரிடம் போய்த் தேடுவது" அதுவேதான். டாபா எட்டாண்டு ஆய்வின் மதிப்பீட்டுப் பணியில் டைலரோடு வேலை செய்தவர். பரீட்சைக்கு இவர்களை எதிரெதிர்க் கட்சியாகப் படித்துவிட்டோம்.

ஆனால் ஒரு கவலை. ஒவ்வொருவரும் தன் வகுப்பு நோட்டிலிருந்து ஓர் அலகு செய்தால், மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்? 8-இல் விகிதசமம் வருகிறது. 7-இல் சதவீதம் சரியாக உட்காரவில்லை என்றால் 8-ஆம் வகுப்பு ஆசிரியர் பழையதைச் சொல்லிக்கொடுத்தே பருவத்தை முடிப்பார். அலகுகள் அழகாக இருக்கும், தொடர்ச்சி இருக்காது. இப்படி ஆகிப்போன திட்டங்களை மதிப்பீட்டுக்காக நிறையப் பார்க்கிறேன்.

---

நடுப்பக்கம் எழுதியது:

பாடநூல் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். எந்தக் குழுவும் 1, 2, 3, 4 என்று வரிசையாக வேலை செய்வதில்லை. செய்ய முடியாது என்பதுதான் உண்மை. செயல்பாட்டைப் பற்றிப் பேசும்போது குறிக்கோள் மாறும், மதிப்பீட்டை எழுதும்போது பாடப்பொருளில் ஒன்று விழும். வீலர் 1967-இல் டைலரின் நேர்கோட்டு வரிசையை வட்டமாக வளைத்ததற்கும் இதுவே காரணம்: மதிப்பீட்டில் தெரிவது மறுபடி நோக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

குழு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று கூடவே இருந்து கவனித்தவர் டெக்கர் வாக்கர். ஸ்டான்ஃபோர்டில் ஓவியக் கல்விக்காக நடந்த கெட்டரிங் திட்டத்தைப் பின்தொடர்ந்து 1971-இல் எழுதினார். அவர் கண்டது மூன்று கட்டம். குழுவில் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எது நல்ல கல்வி, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற நம்பிக்கைகளோடு வருகிறார்கள். அது அவர்கள் நிற்கும் மேடை. அடுத்தது வாதம், மாற்று வழிகளை எடைபோடுவது. அதிலிருந்துதான் வடிவமைப்பு வருகிறது.

உங்கள் குழுவில் நடக்கும் சண்டை வினைச்சொல்லைப் பற்றியது இல்லை. அளக்க முடிந்தால்தான் குறிக்கோள் என்று ஒருவர் நம்புகிறார். அளப்பதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்று மற்றவர் நம்புகிறார். அது வெளியே வராமல் சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறது. ஆளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: 8-ஆம் வகுப்பை முடித்துப் போகும் பிள்ளையிடம் இந்தப் பாடத்திலிருந்து எது தங்கியிருக்க வேண்டும்? உரக்கப் படியுங்கள். வாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.

இன்னொன்று. கலைத்திட்டம் பேசும்போது விட்டுவிடக் கூடாதவை என்று ஜோசப் ஷ்வாப் சொன்ன நான்கை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்: கற்பவர், ஆசிரியர், பாடம், சூழல். எந்த முடிவிலும் நான்குக்கும் யாராவது பேசினார்களா என்று பாருங்கள். நான் இருந்த குழுக்களில் பாடத்துக்காகப் பேச ஆள் இருந்துகொண்டே இருக்கும். இதை நடத்தப்போகும் ஆசிரியருக்கு எவ்வளவு தயாரிப்பு நேரம் கிடைக்கும் என்று கேட்க ஆள் இருக்காது.

---

சாக்பீஸ் எழுதியது:

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எனக்குக் கிடைத்த பயிற்சியில் பின்னோக்கு வடிவமைப்பு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் விளைவு, அடுத்து சான்று, கடைசியில் பாடத் திட்டம். இதுவும் டைலரும் ஒன்றுதானா? வேறுபாடு இருக்கிறதா?

---

அளவுகோல் எழுதியது:

சாக்பீஸ், வேர் ஒன்றுதான். பின்னோக்கு வடிவமைப்பை முன்வைத்த விக்கின்ஸ், மெக்டை இருவரும் 1998-இல் செய்த மாற்றம் வரிசையில் இருக்கிறது. டைலரின் கேள்விகளில் மதிப்பீடு கடைசி. இவர்கள் அதை இரண்டாவது இடத்துக்கு இழுத்தார்கள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எதைப் பார்த்து நம்புவேன் என்பதை, செயல்பாட்டை யோசிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மிதத்தல், மூழ்குதல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது, ஏன்?" என்று கேட்டால் மனப்பாட விடை வரும். அது சான்று ஆகாது. விளையாட்டுக் களிமண்ணை உருண்டையாகக் கொடுங்கள், மூழ்கும். அதே களிமண்ணை மிதக்க வைக்கச் சொல்லுங்கள். மிதக்கும் வடிவம் வந்ததும், அது எத்தனை நாணயம் தாங்கும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக வைக்கட்டும். எண் தவறலாம். எடை கூடவில்லையே, விளிம்பை உயர்த்தியதும் ஏன் கூடுதலாகத் தாங்கியது என்ற கேள்விக்கு, இடம்பெயரும் தண்ணீரை வைத்துக் காரணம் சொல்கிறாளா என்பதே சான்று. இதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால், வகுப்பில் எதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது தானே தெரியும். வரையறையைச் சொல்லி எழுத வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆபத்தும் இங்கேதான். சான்று என்ற இடத்தில் பொதுத்தேர்வு வினாத்தாளைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், முழுக் கலைத்திட்டமும் வினாத்தாளிலிருந்து பின்னோக்கி வரும்.

---

உரைகல் எழுதியது:

இழை முழுக்கக் கணிதம், அறிவியலாகவே போகிறது. நான் மொழி, வரலாறு பக்கம். விளைவை முன்கூட்டி எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வகுப்பில் ஒரு கவிதையை வாசிக்கிறோம். முப்பது பிள்ளைகளும் ஒரே பொருளுக்கு வந்து சேர வேண்டும் என்று முன்பே எழுதி வைத்தால் அங்கே வாசிப்பு செத்துப்போகும். லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் முன்வைத்த செயல்முறை மாதிரி இந்த இடத்துக்கானது. 1967-இல் இங்கிலாந்தில் அவர் தலைமையில் தொடங்கிய மானுடப் பண்பியல் (Humanities) கலைத்திட்டப் பணியில் போர், வறுமை, குடும்பம், சட்டமும் ஒழுங்கும் போன்ற சர்ச்சைக்குரிய விஷயங்களை வளரிளம் மாணவர்கள் விவாதித்தார்கள். ஆசிரியர் நடுநிலைத் தலைவர். தன் கருத்தை வகுப்பின்மேல் சுமத்தக் கூடாது, சான்றுகளை முன்வைக்க வேண்டும், சிறுபான்மைக் கருத்துக்கும் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவர் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. விவாதம் எந்த நெறிகளின்படி நடக்க வேண்டும் என்பதை எழுதினார்கள். கலைத்திட்டத்தை இப்படியும் எழுத முடியும் என்று பலருக்குத் தெரிவதே இல்லை.

குறிக்கோளே வேண்டாம் என்றவர் இல்லை ஸ்டென்ஹவுஸ். திறன் பயிற்சிக்கும் தகவலைக் கற்பிப்பதற்கும் குறிக்கோள் மாதிரி பொருந்தும் என்று ஒப்புக்கொண்டவர். அறிவுத்துறைக்குள் நுழைந்து சிந்திக்கக் கற்கும் இடத்தில்தான் அது தடையாகிறது என்றார். ஆகவே கரும்பலகை சார், முழுத் திட்டத்துக்கும் ஒரே மாதிரி தேவையில்லை. அறிவியலிலேயே கருவியைக் கையாளுவதற்கு ஒரு வழி, தரவு ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது என்று விவாதிப்பதற்கு வேறு வழி.

---

அளவுகோல் எழுதியது:

> விவாதம் எந்த நெறிகளின்படி நடக்க வேண்டும் என்பதை எழுதினார்கள்

நல்ல ஆசிரியர் கையில் இது அருமையாக நடக்கும். மற்றவர்கள் கையில்?

---

உரைகல் எழுதியது:

அந்தப் பலவீனத்தை ஸ்டென்ஹவுஸே மறைக்கவில்லை. இந்த மாதிரி ஆசிரியரின் தரத்தையே நம்பி நிற்கிறது. அதனால்தான் ஆசிரியர் வளராமல் கலைத்திட்டம் வளராது என்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். ஆசிரியரே தன் வகுப்பின் ஆய்வாளர் என்றார். எழுதிய தாளைக் கெட்டியாக்கி ஆசிரியரின் குறையை ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை. குறிக்கோளைப் பத்து உட்பிரிவாக உடைத்துக் கொடுத்தாலும் அவர் பழையபடிதான் நடத்துவார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லையே! நான் கால அட்டவணை போடுகிறவன், அதனால் கேட்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். வாரம் 5 பாடவேளை, வருடத்துக்கு 36 வாரம் என்றால் 180. தேர்வு, விழா, திருப்புதல், எதிர்பாராத விடுமுறை என்று கால் பங்கைக் கழித்தால் 135. இனி உங்கள் அலகு ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எத்தனை பாடவேளை ஆகும் என்று எழுதிக் கூட்டுங்கள். பெரும்பாலும் 180-ஐயும் தாண்டும். யாரும் எதையும் நீக்க மாட்டார்கள், "விரைவாக நடத்திக்கொள்ளலாம்" என்பார்கள். கடைசியில் நீக்குவது நாட்காட்டி. வருடக் கடைசியில் இருக்கும் பாடங்கள், முக்கியமானவையோ இல்லையோ, காணாமல் போகும்.

எலியட் ஐஸ்னர் பள்ளி கற்பிக்காமல் விடுவதையும் கலைத்திட்டத்தின் ஒரு வகையாகவே கணக்கில் எடுத்தார். விட்டதும் பிள்ளையை உருவாக்குகிறது. அப்படியானால் எதை விடுகிறோம் என்பதைக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும், மார்ச் மாதம் முடிவு செய்யக் கூடாது. களிமண் செயல்பாட்டுக்கு அளவுகோல் சார் சொன்னபடி செய்தால் 3 பாடவேளையாவது ஆகும். மனமுவந்து கொடுங்கள். ஆனால் அந்த 3 எங்கிருந்து வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 135-இல் 15-ஐயாவது எதற்கும் ஒதுக்காமல் மறுகற்பித்தலுக்கு வையுங்கள்.

---

நடுப்பக்கம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. ஜான் குட்லாட் 1979-இல் கலைத்திட்டத்தைப் பல அடுக்காகப் பிரித்தார்: வல்லுநர் கனவு காண்பது, தாளில் ஏறுவது, ஆசிரியர் மனத்தில் வாங்கிக்கொள்வது, வகுப்பில் நடப்பது, பிள்ளை அனுபவிப்பது. குழுக்கள் உழைப்பையெல்லாம் இரண்டாவது அடுக்கில் கொட்டுகின்றன. நாலாம்பெஞ்ச் டீச்சர் கடைசி அடுக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறார். நானும் அந்தப் பக்கம்தான்.

---

கரும்பலகை எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. குழுவில் படித்துக் காட்டினேன். அரைப் பக்கம் எழுதிப் படித்தது பெரிய திறப்பு. "தெரியாத கணக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடாத பிள்ளை வேண்டும்" என்று எழுதியவர், அதுவரை அளக்க முடியாத எதுவும் வேண்டாம் என்று நின்றவர்! அதன் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது.

முடிவு இதுதான்: 6-ஆம் வகுப்பில் பின்னம், 7-இல் மிதத்தல், இந்த இரண்டு அலகையும் முதலில் முழுதாகச் செய்து நடத்திப் பார்ப்போம். கூடவே இரண்டு பேர் மூன்று வருடத்துக்குமான வரிசையை ஒரே தாளில் வரைவார்கள். இங்கே ஒரு சந்தேகம். பின்னம் மூன்று வகுப்பிலும் வருகிறது. சுருள்முறை என்று சொல்லிக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்ப நடத்தப் போகிறோமோ?

---

நாலாம்பெஞ்ச் எழுதியது:

நல்ல சந்தேகம் சார். சுருள்முறை என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் வெறும் திருப்புதல்தான்.

1959-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் அறிவியலாளர்களும் உளவியலாளர்களும் கூடிப் பேசினார்கள். அதன் தலைவராக இருந்த ஜெரோம் புரூனர் 1960-இல் எழுதியதிலிருந்து வந்த எண்ணம் இது. பாடத்தின் அடிப்படைக் கருத்துகளை எந்த வயதுப் பிள்ளைக்கும் நேர்மை குலையாத ஒரு வடிவத்தில் சொல்ல முடியும்; அதே கருத்துக்குத் திரும்ப வரும்போது ஆழமும் நுட்பமும் கூட வேண்டும். பின்னத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். 6-இல் பின்னம் எண்கோட்டில் ஓர் இடம், முழுமை மாறினால் பின்னம் குறிக்கும் அளவும் மாறும். 7-இல் அதே எண் தசமமாகவும் சதவீதமாகவும் வருகிறது, எந்த இடத்தில் எது வசதி என்று பிள்ளை தேர்ந்தெடுக்கிறாள். 8-இல் இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும்போது மாறாமல் நிற்கும் உறவு, அதாவது விகிதசமம். உங்கள் அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள்: "போன வருடம் செய்ய முடியாதது, இந்த வருடம் செய்ய முடிவது." அதில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த அலகு அந்த வகுப்புக்குத் தேவையில்லை.

---

சாக்பீஸ் எழுதியது:

பள்ளியின் வசதியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வகுப்புக்குப் போதுமான தராசுகூட இல்லை. வெளியே தயாரான நல்ல அலகை எடுத்து வந்தால் பாதி நடக்காமல் போகிறது.

---

நடுப்பக்கம் எழுதியது:

மால்கம் ஸ்கில்பெக் 1970-களில் சூழ்நிலைப் பகுப்பாய்வை முதல் வேலையாக வைத்தது இதற்காகத்தான். வெளியே இருப்பவை: பெற்றோர் எதிர்பார்ப்பு, தேர்வு முறை, பாடத்தில் வரும் மாற்றங்கள். உள்ளே இருப்பவை: பிள்ளைகள், ஆசிரியர்களின் பலமும் பலவீனமும், கருவிகள், பணம், பள்ளியின் நடைமுறை. நீளமான அறிக்கை வேண்டாம், இரண்டு பக்கம் போதும். தராசு இல்லை என்பது அதில் முதல் வரியாக வந்தால், எடைபோடாமல் ஒப்பிடும் செயல்பாட்டைத் தேட வேண்டும் என்று அப்போதே தெரியும். இந்த வேலையை எந்தக் கட்டத்திலும் செய்யலாம். கரும்பலகை சார் குழு சோதனை அலகு நடக்கும்போதே செய்துகொள்ளட்டும்.

சோதனை அலகைப் பற்றி இன்னொன்று: எழுதியவரே நடத்த வேண்டாம். எழுதியவருக்குத் தாளில் இல்லாததும் தெரியும். வேறொருவர் நடத்தட்டும், எழுதியவர் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் பேச்சை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

---

கரும்பலகை எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. நாலாம்பெஞ்ச் டீச்சர், நீங்கள் சொன்ன மூன்று விதத் தவறையும் பிரித்துக் காட்டும் கேள்விகள் இருந்தால் பகிர முடியுமா? அலகு தொடங்கும் முன் 6-ஆம் வகுப்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

---

நாலாம்பெஞ்ச் எழுதியது:

தாராளமாக. நான் கொடுப்பது மூன்றே கேள்வி, மதிப்பெண் கிடையாது.

முதல் கேள்வி: 1/2 + 1/3. கணக்கிடுவதற்கு முன் சொல், விடை 1/2-ஐ விடப் பெரியதா, சிறியதா? 1-ஐ விட? ஏன்?

இரண்டாவது: ஒரு சிறிய செவ்வகத்தில் பாதியும் ஒரு பெரிய செவ்வகத்தில் மூன்றில் ஒரு பங்கும் நிழலிட்டுக் கொடுங்கள். இந்த இரண்டையும் சேர்த்து 1/2 + 1/3 என்று எழுதலாமா? எழுதலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் காரணம் எழுத வேண்டும். வட்டத்தைவிடச் செவ்வகம் நல்லது, பிள்ளைகளால் சமமாகப் பிரித்து வரைய முடியும்.

மூன்றாவது: 0, 1 மட்டும் குறித்த கோடு. அதில் 1/2, 1/3, 2/5 மூன்றையும் வைக்கச் சொல்லுங்கள். 3 பெரிய எண் என்பதால் 1/3-ஐ 1/2-க்கு வலப்பக்கம் வைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குக் கூட்டலை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தாள்களைத் திருத்தாமல் காரணத்தைப் படித்துக் கட்டுகளாகப் பிரியுங்கள். எந்தக் கட்டு கனமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் முதல் வாரம். அந்தக் கட்டிலிருந்து நான்கைந்து தாளைப் பெயரை மறைத்து நகலெடுத்து, குறிக்கோள் பத்தியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அடுத்த வருடம் இதை எடுத்து நடத்தப்போகிறவருக்கு அது தேவைப்படும்.